இடாப்பில் இல்லாத பெயர்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, தமிழாசிரியர் என்னும் முறையில் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், எம் பழைய மாணாக்கர் ஒருவரோடு அமர்ந்து கணினிக்குப் புணர்ச்சி இலக்கணம் கற்பிக்க முயன்ற கதையொன்று எம் நெஞ்சைவிட்டு அகலாது நிற்கின்றது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம். கணினி கற்றார்க்கு இதன்கண் இலக்கணம் மிகுதி என்று தோன்றலாம். இலக்கணம் கற்றார்க்குக் கணினி மிகுதி என்று தோன்றலாம். இரு சாராரும் பொறுத்தருள்வாராக.

அம்மாணாக்கர் பத்தாந் தரத்தில் எம்மிடம் தமிழ் படித்தவர். பின்னர் வவுனியாவிற் கணினித்துறையிற் பட்டம் பெற்று, இப்பொழுது கிளிநொச்சியில் தம் வீட்டில் இருந்தவாறே கடல் கடந்த நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகின்றார். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்வெளிக்கு நடுவே இருந்துகொண்டு, தாம் ஒருநாளுங் காணாத நகரத்து மாந்தர்க்குப் பணிபுரிகின்றார். காலம் செய்த கோலம் இது. கல்லூரியின் விழாவை முன்னிட்டுத் தம்மால் இயன்றதொன்று செய்யவேண்டும் என்னும் விருப்பினால் ஒருநாள் எம் இல்லம் நாடி வந்தார். “சேர், பிள்ளைகள் புணர்ச்சி பழகுவதற்கு ஒரு செயலி எழுதித் தருகின்றேன், விதிகளை நீங்கள் சொல்லுங்கள், மற்றவை என் பொறுப்பு” என்றார். “தம்பி, விதி சொல்வது எளிது, அதனைப் பிள்ளைகள் மனத்தில் நிறுத்துவதன்றோ அரிது” என்று சொல்லி ஒப்புக்கொண்டோம்.

புணர்ச்சி யாதென்பதைப் பள்ளி விட்டுப் பல்லாண்டு ஆன அன்பர்களுக்கு நினைவூட்டுதல் நலம். இரண்டு சொற்கள் கூடுமிடத்து நிகழும் மாற்றம் அது. ‘வாழை’யும் ‘பழ’மும் கூடி வாழைப்பழம் ஆகும்போது ஓரெழுத்துத் தோன்றுகின்றது. ‘பொன்’னும் ‘குட’மும் கூடிப் பொற்குடம் ஆகும்போது ஓரெழுத்துத் திரிகின்றது. ‘மர’மும் ‘வே’ரும் கூடி மரவேர் ஆகும்போது ஓரெழுத்துக் கெடுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் இம்மூன்றே விகாரமாயினும், அவை நிகழும் இடங்கள் பல. பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டிலே நன்னூலில் அவற்றை நிரல்பட வகுத்தார். நம் நாட்டு ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்து பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டச் செய்தார். அவ்விதிகளுள் மாணாக்கர்க்கு இன்றியமையாதன எனக் கண்டவற்றை யாம் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலந்தொட்டு ஒரு குறிப்பேட்டிற் குறித்து வந்துள்ளோம். அவை தொகையில் 43.

மாணாக்கர் அவ்விதிகளைக் கணினிக்கு உரைத்த முறையை எமக்கு விளக்கினார். அவர் எழுதும் மொழி ‘சீ ஷார்ப்’ என்பது. அம்மொழியில் ஒவ்வொரு விதியும் தனித்தனி ஒரு வகுப்பு. ‘வகுப்பு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் எமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அவர்க்கும் எமக்கும் தொழில் ஒன்றே போலும் என்று நகைத்தோம். அவ்வகுப்புகள் அனைத்தும் ‘புணர்ச்சி விதி’ என்னும் ஒரு பொது இடைமுகத்துக்கு உடன்படல் வேண்டும். உடன்படுதலாவது, இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல ஒருப்படுதல். ‘இவ்விரு சொற்களும் உன் ஆட்சிக்கு உட்பட்டனவோ?’ என்பது முதல் வினா. ‘ஆயின், அவை கூடி எவ்வாறு ஆகும்?’ என்பது மற்றது. திருத்துவோன் என்னும் வேறொரு வகுப்பு, பிள்ளை எழுதிய விடையைப் பெற்று, விதிகளை ஒவ்வொன்றாக வினாவி, முதலில் ஆம் என்ற விதியின் முடிபை ஏற்றுச் சரி பிழை சொல்லும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. திருத்துவோன் தனக்கு வேண்டும் விதிகளைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. பிறர் கொணர்ந்து கொடுக்கப் பெற்றுக்கொள்கின்றது. ஆசிரியர் வகுப்பறையுள் நுழையும்போது வெண்கட்டியைத் தாமே செய்துகொண்டு நுழைவதில்லை அன்றோ? கந்தோரிலிருந்து கொடுத்ததைக் கொண்டு எழுதுகின்றார். நாளை வேறு நிறத்து வெண்கட்டி கொடுப்பின் அதனாலும் எழுதுவார். அவர் கற்பிக்கும் முறையில் மாற்றம் வேண்டுவதில்லை. இவ்வாறு ஒன்று சார்ந்து நிற்கும் பொருளை வெளியிலிருந்து அதற்கு அளித்தலை அவர்கள் ‘டிப்பெண்டன்சி இன்ஜெக்சன்’ என்பர். யாம் ‘சார்பூட்டல்’ என்று வழங்குவோம். வழக்கம் முன்னரே இருந்ததாயினும், 2004 ஆம் ஆண்டு சனவரியில் மார்ட்டின் பௌலர் என்பார் எழுதிய கட்டுரையொன்றினால் இப்பெயர் எங்கும் நிலைபெற்றது என்பர்.

யாருக்கு எது வேண்டும் என்று அறிந்து அளிப்பதற்கு ஒரு பண்டசாலை வேண்டும். அதற்குக் கொள்கலம் என்று பெயர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டொட் நெட் கோர்’ என்னும் அமைப்பில் இத்தகைய கொள்கலம் ஒன்றை உடன் வைத்தே அளித்தனர். அதன்கண் ஒரு பொருளைப் பதியும்போது அதன் வாழ்நாளையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். பள்ளி மணி போல எல்லோர்க்கும் ஒன்றே போதும் என்பது ஒரு வகை. ஒரு பாடவேளைக்கு ஒன்றாகி அப்பாடவேளை முடிய ஒழிவது இன்னொரு வகை. கேட்கும் போதெல்லாம் புதிதாக ஒன்று கொடுப்பது மூன்றாம் வகை. இவற்றை மாற்றிப் பதிந்தால், ஒரு பிள்ளையின் விடை மற்றொரு பிள்ளையின் தாளிற் போய் நிற்கும் விபரீதமும் நேரும் என்று மாணாக்கர் எச்சரித்தார்.

மாணாக்கர் விதிக்கு ஒரு வரியாக எழுதி, ஒவ்வொரு விதியையும் கொள்கலத்திற் கையாற் பதிந்து வந்தார். யாம் ஒரு விதி சொல்வோம். அவர் அதற்கு வகுப்பு எழுதுவார். எழுதியபின் இடாப்பில் ஒரு வரி சேர்ப்பார். இரவு ஒன்பது மணி வரை சில நாள்கள் இவ்வேலை நடந்தது. மின்சாரம் தடைப்பட்ட நாளில் விளக்கொளியில் யாம் விதிகளை வாசிக்க, அவர் தாளிற் குறித்துக்கொண்டு போவார். இவ்வாறு செயலி ஒருவாறு நிறைவுற்றது. கல்லூரிக் கணினி அறையிற் பத்தாந் தரத்துப் பிள்ளைகள் அதனைக் கொண்டு பழகத் தொடங்கினர்.

இரண்டாம் நாளிலே ஒரு பெண்பிள்ளை கையுயர்த்தினாள். “சேர், எங்கட அம்மம்மா செய்யிற சாமானுக்கு இந்தப் பெட்டி வேற பேர் சொல்லுது” என்றாள். சென்று பார்த்தோம். ‘பனை’, ‘அட்டு’ என்னும் இரு சொற்களைச் செயலி கொடுத்திருந்தது. அப்பிள்ளை ‘பனாட்டு’ என்று எழுதியிருந்தாள். செயலி அதனைப் பிழையென்று சிவப்பிற் காட்டி, ‘பனையட்டு’ என்பதே சரி என்று திருத்தியிருந்தது!

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்த எவர்க்கும் பனாட்டு இன்னதென்று சொல்ல வேண்டுவதில்லை. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பாயில் ஊற்றி வெயிலிற் காயவைத்து, நாடோறும் படைமேற் படையாக வார்த்து எடுக்கும் பண்டம் அது. அப்பிள்ளையின் அம்மம்மா பனாட்டுச் செய்து விற்றே குடும்பத்தைத் தாங்கி வருபவர். பனை என்னும் சொல்லுக்கென்றே நன்னூலில் தனி விதி உண்டு. கொடி என்னும் சொல் வரின் வல்லெழுத்து மிக்குப் பனைக்கொடி ஆகும். பிற வல்லெழுத்து வரின் ஐகாரம் போய் ‘அம்’ என்னும் சாரியை பெற்றுப் பனங்காய், பனங்கிழங்கு என்றாகும். திரள் என்பது வரின் இருவகையும் பொருந்தும். அட்டு என்பது வரின் ஐகாரம் கெட்டு, வருஞ்சொல்லின் அகரம் நீண்டு, பனாட்டு ஆகும். இத்தனையும் யாம் மாணாக்கர்க்குச் சொன்னவை, அவரும் எழுதியவை. ஆயின், செயலி அவ்விதியை அறியாதது போலப் பொதுவிதியாகிய யகர உடம்படுமெய் விதியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அன்று மாலை மாணாக்கர் வந்து ஆராய்ந்தார். பனைக்குரிய விதி இருந்தது. தனியே வைத்து வினாவினால் தக்க விடையும் சொல்லிற்று. குறை யாதெனின், இடாப்பில் அதற்குரிய வரியை எழுத அவர் மறந்துவிட்டார் என்பதே. மின்சாரம் தடைப்பட்ட இரவில் எழுதிய விதி அது.

“பதியாத பொருளைக் கேட்டால் கொள்கலம் இல்லை என்று கூவாதோ?” என்று வினவினோம். “குறித்த ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டால் கூவும், சேர், செயலியே நின்றுவிடும். இங்கே திருத்துவோன் கேட்பது ஒன்றையன்று; இருக்கும் விதிகள் எல்லாவற்றையும் தா என்று கேட்கின்றது. கொள்கலம் தன்னிடம் பதிந்தவற்றை எல்லாம் தந்துவிட்டு, எல்லாம் தந்துவிட்டேன் என்று அமைதியடைகின்றது. 42 தந்தாலும் 43 தந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது” என்றார்.

இவ்விடையைக் கேட்டபோது யாம் சற்றுநேரம் பேசாதிருந்தோம். எம் நினைவு வேறோரிடத்துக்குச் சென்றுவிட்டது.

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. வன்னிப் பெருநிலத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செட்டிகுளத்தை அடுத்த முகாம்களில் இருந்த காலம். தறப்பாளின் கீழும் மரநிழலிலும் பாடசாலைகள் நடந்தன. யாமும் அங்கே ஒரு வகுப்பை நடத்தினோம். பள்ளி இடாப்புகள் எவையும் எம்மோடு வந்து சேரவில்லை. யாரோ ஒருவர் கூடாரங்கள்தோறும் சென்று கையால் எழுதித் தந்த பெயர்ப்பட்டியல் ஒன்றே எமக்கு இடாப்பாயிற்று. காலைதோறும் அதனை வாசிப்போம். பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘வந்தேன்’ என்பர். பட்டியல் முடியும், பாடம் தொடங்கும்.

நான்காம் நாள், கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எம் கண்ணிற் பட்டான். அவன் முதல் நாளிலிருந்தே வருகின்றான் என்று அயலிலிருந்த பிள்ளை சொல்லிற்று. பட்டியலில் அவன் பெயர் இல்லை. பெயர் கூப்பிடப்படாமையால் அவன் வாய் திறக்கவில்லை. அழவுமில்லை, எழுந்து கேட்கவுமில்லை. எம் பட்டியலில் இருந்தோர் அனைவரும் வந்திருந்தமையால், யாமும் எல்லாரும் வந்துவிட்டனர் என்று அமைதியடைந்திருந்தோம். நான்கு நாள் ஒரு பிள்ளை எம்முன் இருந்தும் இல்லாதவனாயினான். பட்டியல் எழுதியவர்மேற் குறை சொல்ல எமக்கு மனம் இல்லை. அவர் அந்த வெயிலில் நடந்து எழுதியவர். தலையை நிமிர்த்திப் பாராமல் தாளைப் பார்த்து வாசித்த குறை எம்முடையதே.

மறுநாள் தொடக்கம் யாம் பட்டியலை மடித்து வைத்துவிட்டோம். “ஒவ்வொருவரும் எழுந்து, தத்தம் பெயரையும் ஊரையும் எத்தனையாந் தரம் படித்தீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்” என்றோம். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அச்சிறுவனும் எழுந்து சொன்னான். முள்ளியவளையிலிருந்து வந்தவன். முதல் நாட்களில் எழுதிய பக்கத்தின் அடியில் வேறொரு மையினால் அவன் பெயரை எழுதினோம். மூன்று வாரங்களின் பின் அவன் குடும்பத்தாரை வேறொரு பகுதிக்கு மாற்றினர். அதன்பின் அவனை யாம் காணவில்லை. அக்குறிப்பேடு இன்றும் எம்மிடம் உண்டு.

இதனை மாணாக்கர்க்குச் சொன்னோம். அவரும் அக்காலத்தில் அம்முகாம்களுள் ஒன்றில் இருந்த சிறுவரே. நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் மெல்லச் சொன்னார்: “சேர், நீங்கள் அன்று செய்ததையே இங்கும் செய்யலாம். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, வகுப்புகளையே எழுந்து சொல்லச் சொல்லலாம்.”

அவர் சொன்ன உபாயத்துக்கு ‘ரிப்ளெக்சன்’ என்று பெயர். யாம் அதனைத் ‘தன்னோக்கு’ என்போம். ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத்தான் நோக்கி, தன்னுள் என்னென்ன வகைகள் உள, அவை எவ்வெவ்விடைமுகத்துக்கு உடன்பட்டன, அவற்றை ஆக்குதற்கு எவையெவை வேண்டும் என்று வினாவி அறியும் ஆற்றலே அது. 1982 ஆம் ஆண்டு பிரையன் கான்ட்வெல் சிமித் என்பார் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் அளித்த ஆய்வேட்டில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். 1997 இல் ஜாவா மொழியின் 1.1 ஆம் பதிப்பும், 2002 இல் டொட் நெட்டின் முதற் பதிப்பும் இவ்வாற்றலைத் தொழில் செய்வோர் கையிற் கொடுத்தன. தன்னைத்தான் அறிதல் மாந்தர்க்கு அரிதென்று ஆன்றோர் கூறுவர். பொறிக்கு அது ஓரளவு எளிதாயிற்று போலும்.

மாணாக்கர் இடாப்பின் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு, ஏழெட்டு வரிகளே எழுதினார். அவற்றின் பொருளை யாம் விளங்கிக்கொண்டவாறு கூறுவோம். தொகுக்கப்பட்ட செயலித் துண்டு ஒவ்வொன்றுக்கும் ‘அசெம்பிளி’ என்று பெயர். நம் கல்லூரியிற் காலையில் எல்லாரும் கூடி நிற்பதற்கும் அதே பெயர் வழங்குவதை அன்பர்கள் மறந்திரார். அந்த அசெம்பிளியை நோக்கி, ‘உன்னுள் நிற்கும் வகைகள் யாவை?’ என்று கேட்பது முதற்படி. வந்தவற்றுள் இடைமுகங்களையும், முழுமை பெறாத வகுப்புகளையும் நீக்குவது இரண்டாம் படி. ஏனெனில் அவற்றிலிருந்து பொருள் எதனையும் ஆக்க இயலாது. அவை பெயரளவில் நிற்பவை. எஞ்சியவற்றுள் ‘புணர்ச்சி விதி’ என்னும் இடைமுகத்துக்கு உடன்பட்டன எவை என்று தேர்வது மூன்றாம் படி. தேர்ந்த ஒவ்வொன்றையும் அவ்விடைமுகத்தின் பெயரிற் கொள்கலத்திற் பதிவது நான்காம் படி. இவ்வளவே. இனி ஒரு புதுவிதி எழுதினால், அவ்விதி அசெம்பிளியில் வந்து நின்றாற் போதும். யாரும் அதனைப் பட்டியலிற் சேர்க்க நினைவு கொள்ள வேண்டுவதில்லை. இத்தொழிலுக்கென்று ஸ்குரூட்டர், ஓட்டோபாக் முதலிய ஆயத்த நூலகங்களும் உண்டு. எம் பொருட்டு விளங்கவேண்டும் என்பதற்காகவே தாம் கையால் எழுதினார் என்றும் சொன்னார்.

மகிழ்ச்சியோடு செயலியை ஓட்டினோம். ‘பனை’, ‘அட்டு’ என்று கொடுத்தோம். மீண்டும் ‘பனையட்டு’ என்றே விடை வந்தது!

மாணாக்கர் திகைத்தார், எமக்கோ காரணம் உடனே விளங்கிற்று. இது கணினிப் பிழையன்று, இலக்கணப் பிழை. கையாற் பதிந்தபோது யாம் சொன்ன வரிசையில், சிறப்பு விதி முன்னும் பொது விதி பின்னுமாக அவர் பதிந்து வந்தார். கொள்கலமும் பதிந்த வரிசையிலேயே விதிகளைத் தந்துவந்தது. இப்பொழுதோ வகைகள் தாமே எழுந்து வருகின்றன; அவை இன்ன வரிசையில் வரும் என்று நம்பியிருத்தல் ஆகாது. உடம்படுமெய் விதி முந்திக்கொண்டு ஆம் என்றுவிட்டது. சிறப்பு விதி வந்தவிடத்துப் பொது விதி விலகி நிற்றல் வேண்டும் என்பது இலக்கண நூலார் கொள்கை. அதனை விதிகள் தாமே அறியா. யாரேனும் சொல்லல் வேண்டும்.

இதற்கும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வகுப்பின் தலையிலும் ‘அட்ரிபியூட்’ என்னும் குறிப்பொன்றை எழுதி வைக்கலாம். தமிழாசிரியர் கண்ணுக்கு அது பெயருக்கு முன் நிற்கும் அடைமொழியே. ‘சிறப்பு’ என்றும் ‘பொது’ என்றும் அடைமொழி கொடுத்து, தன்னோக்கினால் அதனையும் வாசித்து, சிறப்பு விதிகளை முதலிற் பதியுமாறு செய்தார். பின்னரே பனாட்டுப் பனாட்டாயிற்று.

இம்முறையிலும் இடர்கள் உள என்று மாணாக்கர் மறையாது சொன்னார். முதலாவது, இடாப்பை மூடுமுன்னரே பதிதல் வேண்டும். கொள்கலம் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டபின் வந்து சேரும் வகைக்கு அதில் இடமில்லை. மணியடித்துக் கதவு சாத்தியபின் வருபவர் வெளியே நிற்கவேண்டியதே. இரண்டாவது, வேறு கோப்பில் இருக்கும் அசெம்பிளி இன்னும் ஏற்றப்படாதிருப்பின், கூடி நிற்போரைக் கேட்கும்போது அது கூட்டத்தில் இராது. அதனைப் பெயர் சொல்லி அழைத்து ஏற்றல் வேண்டும். மூன்றாவது, ஒரு கோப்புறையிற் கிடப்பன எல்லாவற்றையும் ஏற்றிப் பதிவோம் எனத் துணிந்தால், தீயோன் ஒருவன் கொண்டுவந்து போட்டதும் விதியென்று வேடம் பூண்டு உள்ளே வந்துவிடும். வாயில் காப்போன் இல்லாத வரவேற்பு ஆபத்தானது.

நான்காவது இடர் எம்மைச் சிந்திக்கச் செய்தது. செயலியின் பருமனைக் குறைப்பதற்காக, பயன்படாத பகுதிகளை வெட்டியெறியும் கருவிகள் உள. 2022 இல் வெளிவந்த டொட் நெட் 7 முதற்கொண்டு, செயலியை முற்றாக முன்கூட்டியே பொறிமொழியாக்கும் முறையும் வந்தது. அம்முறையில் இவ்வெட்டு இன்றியமையாதது. அக்கருவி நிரலை வாசித்து, பெயர் சொல்லி அழைக்கப்படாத வகுப்பைக் கண்டால், ‘இவனை யாரும் தேடவில்லை, இவன் வேண்டாதவன்’ என்று முடிவு செய்து நீக்கிவிடும். தன்னோக்கினால் வரவிருக்கும் வகுப்புகளை ஒருவரும் பெயர் சொல்லி அழையாமையால், அவை வெட்டுண்டு போகலாம். இதற்கு மாற்றாக, செயலி தொகுக்கப்படும்போதே அவ்வகுப்புகளைத் தேடிக்கண்டு இடாப்பைத் தானே எழுதிவைக்கும் ‘சோர்ஸ் ஜெனரேட்டர்’ என்னும் முறை 2020 இல் டொட் நெட் 5 உடன் வந்தது. எம் சிறிய செயலிக்கு வெட்டுங் கருவி வேண்டுவதில்லை ஆகையால், தன்னோக்கோடே நிறுத்திக்கொண்டோம்.

இவ்வளவும் முடிந்தபின் யாம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். “தம்பி, எழுந்து நின்றவர்களை எண்ணிச் சொல்லும் ஒரு சோதனையும் சேர்த்துவிடு. தானே எழுந்து பெயர் சொல்லச் சொன்னால், வந்தவனே எழுவான், வராதவன் எழமாட்டான். 43 இல்லையாயின் செயலி தொடங்கவே கூடாது” என்றோம். அவ்வாறே செய்தார். செய்து ஓட்டியதும் செயலி தொடங்க மறுத்தது. பதிந்தவை 42 என்றது.

அவர் தம் கோப்புகளையும் யாம் எம் குறிப்பேட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். இல்லாதது குற்றியலிகர விதி. ‘நாடு’ என்பதும் ‘யாது’ என்பதும் கூடி ‘நாடியாது’ ஆகும் விதி அது. அதனை அவர் மறக்கவில்லை; யாமே சொல்லவில்லை. குறிப்பேட்டில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தமையால் அப்பக்கத்தைத் தாண்டிச் சென்றிருந்தோம். அதுவரை மாணாக்கரின் மறதியைப் பற்றி மெல்ல நகைத்துக்கொண்டிருந்த எம் வாய் அடங்கிற்று. பொறி தன்னிடம் உள்ளவற்றையே தேடிக் காணும். உள்ளே வந்துசேராத ஒன்றை, அது வரவேண்டியது என்று அறிந்த ஒருவரே காணல் கூடும். எண்ணிக்கையை யாரேனும் நெஞ்சில் வைத்திருத்தல் வேண்டும்.

மறுநாள் அப்பெண்பிள்ளையை அழைத்து, முந்திய வினாவையே எழுதச் செய்தோம். ‘பனாட்டு’ என்று எழுதினாள். செயலி பச்சை நிறத்திற் சரி என்றது. அவள் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. தான் எழுதியது சரியென்பது அவளுக்கு முன்னரே தெரியும். “பெட்டி இப்ப படிச்சிட்டுது, சேர்” என்றாள். அடுத்த கிழமை ஓலைப்பெட்டியிற் சிறிது பனாட்டும் கொண்டுவந்து தந்தாள். மாணாக்கரும் யாமும் பகிர்ந்து உண்டோம்.

இனி, இக்கட்டுரை இம்மலரில் இடம் பெறுவதற்குரிய காரணத்தையும் சொல்லி முடிப்போம். நம் கல்லூரியின் பழைய மாணவர் இடாப்பைத் திரட்டும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 1996 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலும் பழைய இடாப்புகள் பல அழிந்தொழிந்தன. எஞ்சிய தாள்களைக் கொண்டு பட்டியல் எழுதினால், தாளில் உள்ளவர் மட்டுமே நம் மாணவர் என்றாகிவிடும். ஆகவே, அன்பர்களே, எங்கே இருப்பினும் உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். அதனோடு உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதையும், இனி எழுந்து தம் பெயரைத் தாமே சொல்ல இயலாதவர் எவரெவர் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அவர்களை நினைவு கொள்பவர் உங்களையன்றி வேறு யாருமில்லை.

முள்ளியவளைச் சிறுவன் நம் கல்லூரியிற் படித்தவனல்லன். நாலு நாள் தவிர்ந்த மூன்று வாரமே எம்மிடம் படித்தவன். ஆயினும் எம் இடாப்பில் அவன் பெயர் உண்டு. இப்பொழுது அவர்க்கு முப்பது வயதை அணுகியிருக்கும். எவ்வாறேனும் இம்மலர் அவர் கண்ணிற் படுமாயின், அந்நான்கு நாளுக்காக எம்மைப் பொறுத்தருளி, இன்னொருமுறை தம் பெயரைத் தாமே சொல்லுவாராக. எம் எழுதுகோலில் மை இருக்கின்றது.